மணிமேகலையின் சிவில்

மணிமேகலை என்ற பெயரைச் சிவனம்மாள் முதன்முதலாகக் கேட்டது, சம்பங்கிக் காட்டுக்குள் நின்று பூப்பறித்துக்கொண்டிருந்தபோதுதான். அன்றைக்குக் கூலிக்கு வர வேண்டிய இரண்டு பெண்கள் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டார்கள். மணி ஒன்பதாகியும் பாதிக் காடு பறிக்காமல் கிடந்தது. மடி நிறையப் பூ, இரண்டு கையிலும் பூ, ரவிக்கைக்குள் கிடந்த போன் மட்டும் பசித்த பிள்ளை மாதிரி விடாமல் கத்தியது.

“மணிமேகலை மேடமா?” என்றது ஒரு பையனின் குரல்.

“மேடமும் இல்ல, மேகலையும் இல்ல. நான் சிவனம்மா. பூவுக்குன்னா மார்க்கெட்டுக்கு வந்து பேசு.”

“பூவுக்கில்லம்மா. பேங்க் விஷயமாப் பேசுறேன். எஜுகேஷன் லோன்.”

“எங்க வீட்ல அம்புட்டுப் படிச்சவுக யாருமில்ல தம்பி. ஒருத்தன் இருக்கான், அவனும் படிச்சத மறந்துட்டான்.” போனை அணைத்து உள்ளே செருகினாள்.

படித்ததை மறந்த அந்த ஒருத்தன் அவளுடைய ஒரே மகன் விக்னேஷ்குமார். அவளுடைய பழைய போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்துப்போனதால், புதுப் போனும் புது நம்பரும் வாங்கிக் கொடுத்து அப்போது பத்து நாள்தான் ஆகியிருந்தது. மத்தியானம் சோற்றுக்கு வந்தவனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

“யாரோ வச்சிருந்து விட்ட நம்பரா இருக்கும்மா. கொஞ்ச நாள் கழிச்சு அதையே அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க.”

“அடுத்தவ உடுத்துன சேலையத் தேச்சு மடிச்சு விக்கிற மாதிரியாடா?”

“அப்படித்தான்னு வச்சுக்கயேன்.”

அடுத்த மாதமும் அந்தப் பையன் கூப்பிட்டான். அதற்கடுத்த மாதமும் கூப்பிட்டான். சிவனம்மாளுக்கு முதல் மாதம் எரிச்சலாக இருந்தது, இரண்டாம் மாதம் பழகிப்போனது, மூன்றாம் மாதம் ஒரு யோசனை முளைத்தது. ஒரு பெண்ணின் பெயர் மாதம் தவறாமல் தன் காதைத் தேடி வருகிறது. வீட்டிலோ முப்பத்திரண்டு வயதில் கல்யாணமாகாத மகன் உட்கார்ந்திருக்கிறான். இது எதற்கு வருகிறது?

விக்னேஷ்குமாருக்கு ஒரு குறையும் இல்லை. நாலு ஏக்கர் பூமி, இரண்டு கிணறு, ஒரு பவர் டில்லர், பல் வரிசை சுத்தமான சிரிப்பு. ஆனால் பெண் வீட்டார் வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, “மாப்பிள்ளை என்ன பண்றாரு?” என்று கேட்பார்கள். “விவசாயம்” என்பாள் சிவனம்மாள். “அது சரி, வேலைக்கு என்ன பண்றாரு?” என்பார்கள். சின்னாளப்பட்டியிலிருந்து வந்த ஒரு புண்ணியவான், “கல்யாணம் முடியிற வரைக்கும் பையனை ஏதாவது ஒரு கம்பெனியில சும்மா உக்காரச் சொல்லுங்க, அப்பறம் காட்டுக்குப் போகட்டும்” என்று வழியே சொல்லிக் கொடுத்தார். அப்படி ஏழு ஆண்டில் பதினெட்டுப் பெண் வீட்டார் வந்து போனதில் பெரியகரட்டுப்பட்டியில் காராச்சேவு விற்பவர்தான் செழித்தார்.

மூன்றாம் மாதம் போன் வந்தபோது சிவனம்மாள் பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு வரப்பில் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

“தம்பி, ஒம் பேரென்ன அப்பு?”

“சதாம்மா.”

“அந்தப் பிள்ளை எம்புட்டு நாளாக் கட்டல?”

“அதெல்லாம் வெளியாளுக்குச் சொல்லக் கூடாதும்மா.”

“நான் வெளியாளா? மூணு மாசமா என்னயத்தான கூப்புடுற. ஒங்கம்மாவ மாசத்துக்கு எத்தன வாட்டி கூப்புடுவ?”

ஒரு விஷயத்தைப் பிடுங்க வேண்டுமென்றால் கேட்கக் கூடாது, தப்பாகச் சொல்ல வேண்டும். எதிராளி திருத்தாமல் இருக்க மாட்டான் என்பது சிவனம்மாளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

“டீச்சருக்குப் படிச்ச பிள்ளதான?”

“டீச்சர் இல்லம்மா, நர்சிங்.”

“வத்தலக்குண்டுக்காரிதான?”

“ஆயக்குடிம்மா.”

“கல்யாணமாகி ரெண்டு பிள்ளைல்ல இருக்கு அவளுக்கு?”

“ஃபார்ம்ல கல்யாணமாகலன்னுதானம்மா...” என்று இழுத்தவனுக்கு அப்போதுதான் உறைத்தது. “அய்யோ அம்மா! என் வேலையே போயிரும். யார்ட்டயும் சொல்லிராதீங்க.”

“நான் யார்ட்டப்பா சொல்லப் போறேன்? அப்பன் பேரு கருப்பசாமியா?”

“கருப்பணன்” என்றான் அழாத குறையாக. “எனக்கும் இதே மாதிரி லோன் இருக்கும்மா. இஞ்சினியருக்குப் படிச்சேன். சாயங்காலம் நாலு மணிக்கு மேல என்னைய வேற ஒருத்தன் கூப்புடுவான்.”

“எடுப்பியா?”

“எடுக்க மாட்டேம்மா.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: “தெரிஞ்சவங்க யாராவது இருந்தா அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்கம்மா. சிபில் ரொம்ப அடி வாங்கிருச்சு. இப்படியே விட்டா அவங்களுக்குத்தான் கஷ்டம்.”

காட்டுக்குள் டவர் எப்போதும் அரைகுறைதான். சிவனம்மாள் காதில் விழுந்தது சிபில் இல்லை, சிவில்.

சிவில் என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் பத்தொன்பது வருடம் சிவில் கேஸ் நடந்தது. பன்னிரண்டடி வண்டிப்பாதைக்காக அவளுடைய மாமனார் திண்டுக்கல் கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் நடந்து, செருப்பு தேய்ந்து, ஆளும் தேய்ந்து, தீர்ப்பு வந்தபோது பாதையில் போக வண்டி மாடே இல்லாமல் போனது. ஆனால் இந்தத் தடவை அவளுடைய புத்தி வேறு பக்கம் ஓடியது. நிலம் இல்லாதவனுக்குச் சிவில் ஏது? குச்சு வீட்டுக்காரன் மேல் எவன் சிவில் போடுவான்? கருப்பணன் மகளுக்குச் சிவில் இருக்கிறதென்றால், அடியில் மண் இருக்கிறது என்றுதானே அர்த்தம்!

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சதாமிடம் சொன்னது காலை ஒன்பதரைக்கு. பத்து மணிக்கு அவள் நாத்தனார் ராமுத்தாயிடம் பேசிக்கொண்டிருந்தாள். ராமுத்தாய் வாக்கப்பட்டது பழனிப் பக்கம்.

“ஆயக்குடிக் கருப்பணனா? கொய்யாப்பழக் கருப்பணனா? மதினி, அது எங்க வீட்டுக்காரருக்குப் பங்காளி. எனக்குக் கொழுந்தன் முறை.”

சிவனம்மாள் வரப்பிலேயே கணக்குப் போட்டாள். நாத்தனார் புருஷன் தனக்கு அண்ணன் முறை. அண்ணனுக்குப் பங்காளி என்றால் அவனும் அண்ணன். அண்ணன் மகள் தன் மகனுக்கு முறைப்பெண். வங்கிக்காரர்கள் மாதக் கணக்கில் தேடியும் அகப்படாத குடும்பம் கால் மணி நேரத்தில் சொந்தமாகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் இருவரும் ஆயக்குடியில் போய் இறங்கினார்கள். பெண் பார்க்க வந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது, கொய்யா வாங்க வந்த மாதிரி பேச வேண்டும் என்று பேச்சு. கொய்யா வாங்க வந்தவள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்ததை ராமுத்தாய் கவனித்தாலும் சொல்லவில்லை.

கருப்பணன் பழனி ரோட்டோரம் வீட்டு முன்னால் தகரக் கொட்டகை போட்டுப் பழம் விற்றுக்கொண்டிருந்தார். மனைவி நூறு நாள் வேலைக்காரர்களோடு ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தாள்.

“வாங்க அண்ணி, வாங்க தங்கச்சி. உக்காருங்க. மொதல்ல பழம் தின்னுங்க, பேச்சு எங்கயும் ஓடிராதுங்க” என்று கத்தியை எடுத்துப் பழத்தை நறுக்கத் தொடங்கினார். சிவனம்மாள் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டே, சிவில் நடக்கும் பூமி எந்தப் பக்கம் கிடக்கும் என்று கொட்டகைக்குப் பின்னால் கண்ணை ஓட்டினாள்.

வாரத்தில் ஒரு நாள் லீவில் மணிமேகலை வந்திருந்தாள். திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. இருபத்தாறு வயது, வேக நடை, கண்ணுக்குக் கீழே நைட் டூட்டி. வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பழகியவள் இல்லை அவள். முதலில் கை நரம்பைத்தான் பார்ப்பாள், ஊசி எங்கே ஏறும் என்று. சிவனம்மாளின் கையையும் அப்படித்தான் பார்த்தாள். வளையலைப் பார்க்கிறாள் என்று நினைத்த சிவனம்மாள், பெண் விவரமானவள் என்று மனதுக்குள் ஒரு மார்க் போட்டாள்.

நலம் விசாரித்து முடிந்ததும் அவள் மெல்ல ஆரம்பித்தாள்.

“ஏத்தா, ஒன்னோட சிவிலு விஷயம் என்ன ஆச்சு?”

மணிமேகலை திடுக்கிட்டாள். “உங்களுக்கு எப்படிங்க அத்தை தெரியும்? எனக்கே போன வாரந்தானுங்க தெரியும்.”

“காத்து வாக்குல வந்துச்சு. எம்புட்டு?”

“ஐநூத்தி நாப்பதுங்க.”

ஐநூற்று நாற்பது சென்ட்! அஞ்சு ஏக்கர் நாற்பது சென்ட்! சிவனம்மாள் ராமுத்தாயின் தொடையைக் கிள்ளினாள்.

“முழுசும் ஒம் பேர்லயா?”

“என்ற பேர்லதானுங்க. அப்பா கையெழுத்தும் இருக்குதுங்க.”

“கூட்டுல இருக்கு. சரி, அது பாதகமில்ல. இனிமே கூடுமா?”

“ஒழுங்காக் கட்டுனா ரெண்டு வருசத்துல எழுநூறு வரைக்கும் ஏறுமுங்களாம்.”

“எழுநூறா? பக்கத்துக் காட்டுக்காரன் சும்மா இருப்பானா?”

“அவருக்கென்னங்க அத்தை இதுல?”

“சரி, கட்டுறேன் கட்டுறேங்கிறியே, என்னத்தக் கட்டுற? வேலியா?”

மணிமேகலை அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்து பிதற்றுகிறவர்களைப் பார்க்கிற பார்வை அது. பிறகு தன் போனைத் திறந்து காட்டினாள். அரை வட்டமாக ஒரு படம், பெட்ரோல் மீட்டர் மாதிரி. முள் சிவப்பில் கிடந்தது.

“இது சிபிலுங்க அத்தை. வாங்குன கடனை ஒழுங்காக் கட்டுறமா இல்லையான்னு போடற மார்க்கு.”

அஞ்சு ஏக்கர் நாற்பது சென்ட்டும் கிணறு, மோட்டார், வரப்போடு சேர்ந்து சிவனம்மாள் கண் முன்னால் காற்றில் பறந்தது. ஆனாலும் அவள் சுலபத்தில் விடுகிறவள் இல்லை.

“எத்தனைக்கு ஐநூத்தி நாப்பது?”

“தொள்ளாயிரத்துக்குங்க.”

“அப்ப பாஸுதான!”

“இதுல பெயிலுங்க” என்றாள் மணிமேகலை. ஸ்கூட்டர் வாங்கலாம் என்று கடைக்குப் போயிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்கும் ஹாஸ்டலுக்கும் நடந்து நடந்து கால் வீங்கிப்போனதால் தவணையில் ஒரு வண்டி. பெயரைத் தட்டிப் பார்த்த கடைக்காரர், வண்டி மேல் வைத்திருந்த அவளுடைய கையை எடுக்கச் சொன்னாராம். “என்னமோ தப்பு நடந்திருக்குதுங்க. நான் மாசாமாசம் ஏழாயிரத்து ஐநூறு அப்பாகிட்டக் குடுத்துக் கட்டிட்டுத்தானுங்க இருக்கேன். நாளைக்குப் பேங்குல கேக்க ரசீதெல்லாம் எடுத்துட்டுப் போகலாம்னுதான் வந்தனுங்க.”

அவள் ஒழுங்காகக் கட்டுகிற பெண் என்பது அந்த ஹாஸ்டலுக்கே தெரியும். ஒரே அறையில் நாலு நர்ஸுகள். நாலு பேருக்கும் படிப்புக் கடன். பதினேழாயிரம் சம்பளத்தில் ஐந்தாம் தேதி வங்கிக்குப் போவது போக மிஞ்சுவதை எண்ணி எண்ணி வைப்பார்கள். வங்கிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘மாப்பிள்ளை’. “உன் மாப்பிள்ளைக்கு அனுப்பிட்டியாடி?” “அவன் கேக்காம இருப்பானா? முகூர்த்தம் தவற மாட்டானே!” என்று பேசிக்கொள்வார்கள். சவுதிக்குப் போக ஒரு வாய்ப்பு வந்தபோதும், ஏஜென்ட்டுக்குக் கட்ட ஒரு லட்சம் புரட்ட முடியாமல், மாப்பிள்ளைக்குப் பயந்து மணிமேகலை விட்டுவிட்டாள்.

சிவனம்மாளுக்குச் சட்டென்று எல்லாம் குழம்பியது. குழம்பினால் வாய் முந்திக்கொள்ளும்.

“நீ மாசாமாசம் கட்டுறேங்கிற. அப்பறம் எதுக்கு அந்தப் பேங்குக்காரப் பய மாசாமாசம் என்னயக் கூப்புட்டுக் கட்டலன்னு சொல்றான்?”

கொய்யா நறுக்கிக்கொண்டிருந்த கத்தி நின்றது.

“அப்பா” என்றாள் மணிமேகலை.

“பழம் தின்னு சாமி.”

“அப்பா, ரசீது எங்கீங்க?”

ரசீது என்ற சொல்தான் அவரைக் குத்தியது. கத்தியைக் கீழே வைத்தார். ஆயக்குடியில் அவருக்கு ரசீதுக் கருப்பணன் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அது எப்படி வந்தது என்பதை அவரே சொன்னார்.

“ஒரு தடவை சொசைட்டியில பயிர்க்கடன் வாங்கியிருந்தனுங்க தங்கச்சி. கெடு தப்பக் கூடாதுன்னு இவ அம்மா தோட்டை வித்து முழுசாக் கட்டி ரசீது வாங்குனேன். எட்டாம் நாள் டிவியில சொன்னாங்க, கடன் பூரா தள்ளுபடின்னு. கட்டாதவனுக்கெல்லாம் தள்ளுபடி, கட்டுனவனுக்கு ரசீது! ரசீதைத் தூக்கிட்டு எங்கெங்கயோ போய்க் கேட்டேன். ஊரே சிரிச்சுதுங்க. இவ படிப்புக் கடனும் தள்ளுபடியாகும்னு எலக்சனுக்கு எலக்சன் பேசிக்கறாங்க. மறுக்காவும் ஏமாறக் கூடாதுன்னுதானுங்க கட்டாம வெச்சிருந்தேன்.”

“கேட்டப்பல்லாம் கட்டிட்டேன்னு சொன்னீங்களே?”

“கட்டித்தான் வெச்சிருக்கேன் சாமி, துணியில.”

“சரி கொழுந்தனாரே, பேங்குல குடுத்திருந்த நம்பரை எதுக்கு மாத்துனீக?” என்றாள் ராமுத்தாய்.

“அந்தப் பையன் ரொம்ப மருவாதியாக் கேப்பானுங்க அண்ணி. திட்டுனா நானும் திட்டிருவேன். மருவாதியாக் கேக்கறவன்கிட்டப் பொய் சொல்ல மனசு வரலீங்க. அதான் சிம்மைக் கழட்டி வாய்க்கால்ல எறிஞ்சுட்டனுங்க.”

பணத்தை அவர் தின்னவில்லை. வீட்டுக்குள் போய் அரிசி டிரம்மில் கைவிட்டு, ஒரு துணி முடிச்சை எடுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு கிராமாகத் தங்கக் காசு. மகள் பணம் கொடுத்த மறுநாளே பழனிக்குப் போய் ஒன்று வாங்கிவிடுவார். மிச்சம் சேர்ந்தால் அடுத்த மாதம் இரண்டாக வாங்குவார். கொய்யாத் துண்டுகளுக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு காசு மின்னியது.

“வாங்குனப்ப ஒண்ணரை லட்சம். இன்னைக்கு வெலைக்கு ரெண்டு லட்சம் ஆச்சுங்க” என்றார், கொஞ்சம் தலையை நிமிர்த்தி.

உண்மைதான். பள்ளிக்கூடத்தை ஐந்தாவதோடு விட்ட ரசீதுக் கருப்பணன் லாபத்தில் இருந்தார். நாலு வருடம் படித்துப் பட்டம் வாங்கிய அவர் மகளுடைய பெயர்தான் நஷ்டத்தில் இருந்தது.

மணிமேகலை அழவும் இல்லை, கத்தவும் இல்லை. காசுகளை ஐந்தைந்தாகப் பிரித்து வைத்தாள். “தங்கம் உங்க முடிச்சுல ஏறுச்சு, கடன் என்ற பேர்ல ஏறுச்சுங்கப்பா” என்றாள். இருபத்திரண்டையும் துணியில் முடிந்து கைப்பையில் போட்டுக்கொண்டு, “இனி நானே கட்டிக்கறேன்” என்று எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டாள். போகும்போது வாசலில் நின்று, “அத்தை, உங்க கை வீங்கியிருக்குதுங்க. உப்பைக் குறைங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ராமுத்தாய் கேட்டாள். “என்ன மதினி, நெலமும் இல்ல, லட்சக்கணக்குல கடன் வேற. வேற எடம் பாப்பமா?”

“நெலந்தான் நம்மட்ட இருக்கே” என்றாள் சிவனம்மாள். “பதினெட்டுப் பேரு வந்தாளுக. ஒருத்தியாச்சும் என் கையப் பாத்தாளா?”

இரண்டு வாரம் கழித்து முறையாகப் பெண் கேட்கப் போனார்கள். அதற்குள் மணிமேகலை காசுகளை விற்று, வங்கியில் தவறிய தவணைகளை மொத்தமாகக் கட்டி, தன் நம்பரைப் பதிந்துவிட்டிருந்தாள். சிவனம்மாளுடைய போன் அந்த மாதம் கத்தவில்லை. அது அவளுக்குக் கொஞ்சம் வெறிச்சென்று கூட இருந்தது.

இந்தத் தடவை கணவர் நல்லுசாமியும் மகனும் கூட வந்தார்கள். நல்லுசாமி பேசாத மனிதர். வருடத்துக்கு நாலு வாக்கியம்தான் பேசுவார் என்றும், அதில் இரண்டு மாட்டிடம் என்றும் ஊரில் சொல்வார்கள். தட்டு மாற்றாத பேச்சுதான் என்றாலும் சிவனம்மாள் தயாராக வந்திருந்தாள்.

“எனக்கு இன்னும் மூணரை லட்சத்துக்குப் பக்கமாக் கடன் இருக்குதுங்க. இன்னும் அஞ்சு வருசம் சம்பளத்துல பாதி அதுக்குத்தான் போகும். அதைத் தெரிஞ்சுட்டுப் பேசுங்க” என்று மணிமேகலை முதலிலேயே சொல்லிவிட்டாள்.

“அதை நாங்க மொத்தமாக் கட்டிர்றோம். அடுத்த முகூர்த்தத்துல கல்யாணத்த வச்சிக்கிருவோம். நீ வேலைக்கும் போக வேணாம்” என்றாள் சிவனம்மாள். இதைச் சொல்லும்போது அவளுக்கே தன்மேல் மரியாதை வந்தது.

“வேண்டாமுங்க அத்தை.”

“ஏன்?”

“நாளைக்கு நான் ஒரு சட்டியை ஒடைச்சாக்கூட, மூணரை லட்சம் குடுத்து எடுத்த மருமக சட்டிய ஒடைக்கிறாள்னு சொல்லுவீங்க.”

சிவனம்மாள் யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கும் மனசு வரவில்லை. “சொல்லத்தான் செய்வேன்” என்றாள்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும் முன், மணிமேகலை விக்னேஷ்குமார் பக்கம் திரும்பினாள். முதன்முதலாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

“உங்க சிபில் எவ்வளவுங்க?”

“எனக்கா? எனக்கெதுக்கு சிபிலு? நான் எங்க லோனு வாங்குனேன்?” என்றவன் காதுமடல் சிவந்தது.

“எம் மக ஜாதகத்தைத்தான் தொறந்து வெச்சுட்டமே. மாப்பிள்ளை ஜாதகத்தையும் பாத்துருவமுங்க” என்றார் கருப்பணன். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் குரலில் ஒரு கெத்து வந்தது. பான் கார்டு நம்பர் கேட்டார்கள். ஓடிபி வந்தது. அரை வட்டம் சுற்றியது. முள் எழும்பப் பார்த்து, முடியாமல் சிவப்பிலேயே படுத்தது.

“ஐநூத்திப் பன்னெண்டு” என்று வாசித்தாள் மணிமேகலை.

“ஏலே!” என்றாள் சிவனம்மாள்.

பவர் டில்லர்தான். ரொக்கத்துக்கு வாங்கியதாக வீட்டில் சொல்லிவிட்டு ஒரு பைனான்ஸில் தவணைக்கு எடுத்திருக்கிறான். சம்பங்கி கிலோ பத்து ரூபாய்க்கு விழுந்த வருடம் ஒன்பது தவணை விட்டிருக்கிறான்.

“மகனுக்குக் கடனே இல்ல, மருமக கடனக் கட்டுறேன்னு ஊரு விட்டு ஊரு வந்து பேசுனேனேடா! ஒண்ணக் கட்டவா, ரெண்டக் கட்டவா?”

“இவருக்கு நானே பரவால்லீங்களே அத்தை. இருபத்தெட்டு மார்க்குக் கூட” என்றாள் மணிமேகலை.

நல்லுசாமி வாயைத் திறந்தார். “ரெண்டு பேரும் பெயிலு, நல்ல பொருத்தம்.” அந்த வருடத்துக்கான மூன்றாவது வாக்கியம் அது.

விக்னேஷ்குமாரும் தலையைத் தூக்கினான். “ஒங்க கடன நீங்க கட்டுங்க, எங் கடன நான் கட்டுறேன். யாருக்கு மொதல்ல எழுநூறு வருதுன்னு பாப்பமா?” என்றான். கம்பெனியில் சும்மா உட்காரச் சொல்லாத ஒரு பெண்ணை ஏழு வருடத்தில் முதன்முதலாகப் பார்த்தவனுக்கு எங்கிருந்தோ அவ்வளவு பேச்சு வந்துவிட்டது.

மணிமேகலை சிரித்தாள். ஆனால் சிரிப்போடு விடவில்லை. அவளால் வேலையை விட முடியாது, விட்டால் தவணை நிற்கும். டூட்டி மாறி மாறி வரும், பெரியகரட்டுப்பட்டிக்குக் கடைசி பஸ் எட்டு மணிக்கு. அதனால் கல்யாணம் என்றால் திண்டுக்கல்லில் வாடகை வீடு. அவர் காலையில் வண்டியில் காட்டுக்குப் போய்க்கொள்ளட்டும் என்றாள்.

சிவனம்மாள் தன் வீங்கிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுக்கிறேன் என்ற பணத்தை இவள் வேண்டாம் என்கிறாள். கொடுப்பதாகச் சொல்லாத மகனைக் கேட்கிறாள். புது மருமகள் அடுப்படியில் நிற்பதை, பூக்கட்டும்போது எதிரே உட்கார்ந்திருப்பதை, அவள் ஏழு வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். அது அத்தனையும் போக வேண்டும். இல்லையென்றால் பத்தொன்பதாவது வீட்டுக்குக் காராச்சேவு வாங்க வேண்டும்.

“லீவு நாளைக்காச்சும் காட்டுக்கு வருவியா?” என்று கேட்டாள்.

“வாரனுங்க அத்தை. ஆனா எனக்குப் பூக்கட்டத் தெரியாதுங்க.”

“கட்டு போடத் தெரியும்ல? அந்த மாதிரிதான்” என்றாள் சிவனம்மாள். அதுதான் சம்மதம்.

தை மாதம் பழனி அடிவாரத்தில் சின்ன மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. கருப்பணன் மொய் எழுதியவர்களுக்கெல்லாம் ரசீது கொடுக்கலாமா என்று கேட்டு மகளிடம் திட்டு வாங்கினார். சிவனம்மாள் அழைத்திருந்த சதாமும் பிரியாணி இல்லாத அந்தக் கல்யாணத்துக்கு வந்து வடை பாயசத்தோடு சாப்பிட்டான். யார் வீட்டுச் சொந்தம் என்று விசாரித்தவர்களிடம் சிவனம்மாள் கொஞ்சமும் கூசாமல், “பொண்ணு பாத்துக் குடுத்த தரகரு” என்றாள். மருமகளைக் கொண்டுவரப் போனவள் மகனைக் கொடுத்துவிட்டு வந்தாள் என்று ஊரில் பேசினார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. “ரெண்டும் எங்கயோ நல்லா இருந்தாச் சரி, எனக்குக் காடு இருக்கு” என்றாள்; சொல்லிவிட்டு அன்றைக்கு இரண்டு கிலோ பூவைக் கூடுதலாகப் பறித்தாள்.

மணிமேகலைக்கு இப்போது இருபத்தேழு வயது. திண்டுக்கல்லில் இரண்டு அறை வாடகை வீட்டில் விக்னேஷ்குமாரோடு இருக்கிறாள். அதே ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் வேலை பார்க்கிறாள். படிப்புக் கடனில் இன்னும் நாற்பத்தொன்பது தவணை பாக்கி இருக்கிறது, அதை அவள் சம்பளத்திலிருந்து அவளே கட்டி வருகிறாள்.